சரவாங்கி என்று டாக்டர் சொல்லிவிட்டார், அப்புறம்?

எனக்கு இந்த மூட்டு நோய் ஒரு மார்கழியில்தான் தொடங்கியது. கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்தால் கோடு நடுங்கியது. புள்ளி வைக்க முடிந்தது, இழை போட வரவில்லை. பனி என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது மணி ஆனால் விரல்கள் இளகிவிடும், சரியாகிவிட்டதே என்று அன்றைய வேலையைப் பார்ப்பேன். இப்படியே எட்டு மாதம் போனது. வலி மாத்திரை, தைலம், தெருமுனை கிளினிக்கில் ஊசி. ஊசி போட்ட நாலு நாள் சொர்க்கம், ஐந்தாம் நாள் பழையபடி. கடைசியில் ஒரு எக்ஸ்ரேயில் வலது மணிக்கட்டு எலும்பில் எறும்பு கடித்த மாதிரி சின்னப் பள்ளம் தெரிந்தது. அந்தப் பள்ளம் பன்னிரண்டு வருடம் கழித்து இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. இனியும் இருக்கும்.

நான் டாக்டர் இல்லை. உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ இந்த நோய் என்று இப்போதுதான் தெரியவந்திருந்தால், முதல் வருடத்தில் எதை எந்த வரிசையில் செய்வது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வதுபோல் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தாமதமாகப் புரிந்த ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலி குறைவது வேறு, நோய் அடங்குவது வேறு. இனி வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான்.

முதல் படி: இது அதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

சரவாங்கி, முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் மூன்றும் ஒரே நோயின் பெயர்கள். மூட்டுக்குள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்பு சக்தி, ஆள் மாறிப்போய் அந்தச் சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊரில் இரண்டையும் "மூட்டுவலி" என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுவதால்தான் பாதிப் பேருக்குத் தாமதமாகிறது.

வித்தியாசம் வீட்டிலேயே ஓரளவு தெரியும். தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடும், உட்கார்ந்தால் குறையும். இது தலைகீழ். தூங்கி எழுந்ததும்தான் இறுக்கம் அதிகம், அது விட அரை மணி, ஒரு மணி நேரம், சில சமயம் மதியம் வரைகூட ஆகும். தேய்மானம் நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவைப் பிடிக்கும். சரவாங்கி அதை விட்டுவிட்டு நடுக்கணு, விரல் தொடங்கும் மொட்டி, மணிக்கட்டு, கால் விரல்களின் அடிப்பகுதி என்று பிடிக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கமும். யாராவது கை குலுக்கும்போது உயிர் போகிறதா? ஈரத்துணியைப் பிழிய முடியவில்லையா? காலையில் முதல் நாலு அடி கூழாங்கல் மேல் நடப்பதுபோல் இருக்கிறதா? ஆறு வாரமாக இப்படி என்றால் இனியும் காத்திருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சிக்குன்குனியா வந்துபோனவர்களுக்கும் மாதக்கணக்கில் விரல் மூட்டுகள் இதே மாதிரி வீங்கும். 2006-ல் அந்தக் காய்ச்சல் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதனால் வலி ஒரு காய்ச்சலோடு தொடங்கியிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் நாலு பெயர்கள் வரும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் அழற்சி எவ்வளவு என்று சொல்பவை, எதனால் என்று சொல்லாது. ஆர்.ஏ. ஃபேக்டர் நூறு நோயாளிகளில் எழுபது, எண்பது பேருக்குத்தான் இருக்கும். காசநோய், ஹெபடைட்டிஸ் சி இருப்பவர்களுக்கும் வரும், வயதான சிலருக்கு நோயே இல்லாமலும் வரும். அதனால் லேப் ரிப்போர்ட்டில் அது ஒன்று மட்டும் தடித்த எழுத்தில் வந்துவிட்டது என்று அழ வேண்டாம், வரவில்லை என்று துள்ளவும் வேண்டாம். நாலாவதான ஆன்டி சிசிபி கறாரானது. அது பாசிட்டிவ் என்றால், வீங்கிய மூட்டும் கூடவே இருந்தால், பெரும்பாலும் இந்த நோய்தான். 2010-ல் வகுத்த சர்வதேச அளவுகோலில் எத்தனை மூட்டு, எந்த ரத்தப் பரிசோதனை, எத்தனை வாரம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து மதிப்பெண். ஆறு வந்தால் இந்த நோய் என்று வகைப்படுத்துகிறார்கள்.

இரண்டாம் படி: சரியான டாக்டர், சீக்கிரம்

நாம் எல்லோரும் முதலில் எலும்பு டாக்டரிடம்தான் போகிறோம். அவரிடம் போனது தப்பில்லை, அங்கேயே நின்றுவிடுவதுதான் தப்பு. இதற்கு ருமட்டாலஜிஸ்ட் என்று தனி டாக்டர் உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இருக்கிறது. ஊரில் நிபுணர் இல்லையென்றால் ஒருமுறை தூரமாகப் போய்ப் பார்த்துவிட்டு, இடைப்பட்ட ரத்தப் பரிசோதனைகளை உள்ளூர் பொது மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், மூட்டு வீங்கத் தொடங்கிய முதல் மூன்று நான்கு மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கியவர்களுக்கு நோய் முழுதாக அடங்கும் வாய்ப்பு கூடுதல், எலும்பு அரிப்பும் குறைவு. அரித்த எலும்பை எந்த மாத்திரையும் திரும்பக் கட்டித் தராது. என் பாட்டியின் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகக் காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி இருக்கும். தட்டில் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவார். குடும்பத்தில் அதை "வாதம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அவருக்கு இருந்ததும் எனக்கு இருப்பதும் ஒரே நோய்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மருந்து வந்த காலம்தான் வேறு.

எனக்கு ஏன் வந்தது?

இதை ஒரு படி என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் யாரும் அடுத்த வேலைக்குப் போவதில்லை. நான் தயிர் சாப்பிட்டதால் என்றார்கள், பிரசவத்துக்குப் பிறகு தலைக்குக் குளித்ததால் என்றார்கள், மாமியார் ஃபிரிட்ஜைக் காட்டினார்.

தெரிந்ததைச் சொல்கிறேன். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பரம்பரைக்குப் பங்கு உண்டு, எச்.எல்.ஏ. டிஆர்பி1 என்ற மரபணுவின் சில வகைகள் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடும். ஆனால் அது தலையெழுத்து இல்லை. ஒரே மாதிரி இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றில் பதினைந்து அளவில்தான். மரபணு முழுக்க ஒன்றாக இருந்தே இவ்வளவுதான் என்றால், "என் பெண்ணுக்கும் வந்துவிடுமோ" என்று ராத்திரி விழித்துக் கிடப்பதை நிறுத்தலாம். நான் நிறுத்தினேன்.

நம் கையில் இருப்பதில் முதலிடம் புகைக்குத்தான். சிகரெட்டோ பீடியோ, நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, வந்தால் கடுமையாக்குகிறது, இந்த நோய்க்கு முதலில் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையின் பலனையும் குறைக்கிறது. கல்குவாரி, கல் உடைப்பு மாதிரி சிலிக்கா தூசி பறக்கும் வேலையும் காரணங்களில் ஒன்று. உடல் பருமனும் உண்டு. ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது, பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் பல் டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தயிர் இந்தப் பட்டியலில் இல்லை. நான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன்.

மூன்றாம் படி: வாரம் ஒருமுறை மாத்திரை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்ஸேட். கூகுளில் தேடினால் "புற்றுநோய் மருந்து" என்று வரும், பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புற்றுநோய்க்குத் தருவது மிகப் பெரிய அளவு. மூட்டுக்குத் தருவது வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. விலையும் குறைவு. இத்தனை புது மருந்துகள் வந்த பிறகும் அடித்தளம் இதுதான்.

இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும், உயிரே போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு மருந்துக் கடையில் கவரின் மேல் பழக்கதோஷத்தில் 1-0-0, அதாவது தினமும் காலையில் ஒன்று, என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் சீட்டில் சரியாகத்தான் இருந்தது, ஆங்கிலத்தில். அக்கா கவரைத்தான் பார்த்தார். ஒன்பதாம் நாள் வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்.

அதனால் கடையிலிருந்து வந்ததும் நான் செய்வது இது. அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் "சனி மட்டும்" என்று தமிழில் எழுதுவேன். தினம் போடும் மாத்திரை டப்பாவில் இதை வைப்பதே இல்லை. தினசரி காலண்டரில் வருடத்தின் எல்லாச் சனிக்கிழமைத் தாளிலும் ஜனவரியிலேயே "மெ" என்று எழுதிவிடுவேன், போட்டதும் அந்த எழுத்தை வட்டமிடுவேன். சனி எதற்கு என்றால், மறுநாள் கொஞ்சம் குமட்டலும் மந்தமும் இருக்கும், ஞாயிறு படுத்துக் கிடக்கலாம். உங்களுக்கு எந்த நாள் தோதோ அந்த நாள். இன்னொன்று: இந்த மாத்திரை 2.5, 5, 7.5, 10, 15 என்று பல அளவில் வருகிறது. அட்டை மாறினால் மில்லிகிராமைப் பாருங்கள். "அதே மாத்திரைதான், கலர் வேற" என்று கடைக்காரத் தம்பி சொன்னாலும் பாருங்கள்.

கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதுவார்கள். வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைப்பது அதுதான். பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் போடாத நாளில் சாப்பிடச் சொல்வார்கள். இரண்டும் மஞ்சளாக இருக்கும் கம்பெனிகள் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தொடங்கிய முதல் சில மாதம் இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்க்க வேண்டும். நன்றாக இருக்கும்போது இதற்குச் செலவழிக்க மனசு வராது. ஆனால் ஈரல் வலித்துச் சொல்லாது. மது வேண்டாம். சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ யாராவது செப்ட்ரான் மாதிரி கோட்ரைமாக்சசோல் மாத்திரை எழுதினால், "நான் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. காய்ச்சல், வாய்ப்புண், புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்த வாரத்து மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

அப்புறம், பொறுமை. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். "ஒரு மாசம் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று விட்டவர்கள்தான் பொடி வைத்தியரிடம் போய் நிற்கிறார்கள்.

இந்த நோய்க்குத் தரும் மற்ற மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிட்டால் தொடக்கத்தில் ஒருமுறையும், ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடமும் கண் விழித்திரையைப் பார்க்க வேண்டும். சல்ஃபாசலசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அலறாதீர்கள். லெஃப்ளூனோமைடு கர்ப்பத்துக்கு ஆகவே ஆகாது.

நாலாம் படி: ஸ்டீராய்டை அளவோடு வையுங்கள்

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், இதே நோயால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. அதிசய மருந்து என்று உலகமே கொண்டாடிய பிறகுதான் உப்பிய முகம், சர்க்கரை, முறிந்த எலும்பு என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

இன்றைக்கும் ஸ்டீராய்டுக்கு இடம் இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கும்வரை ஒரு பாலமாகக் கொஞ்ச நாள் தருவார்கள், பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். நீங்களாக நீட்டிக்கக் கூடாது. சில வாரம் சாப்பிட்ட பிறகு நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு தானாக ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும்.

பொடி வைத்தியம் என்றேனே, அதையும் இங்கேயே சொல்கிறேன். பெயர் இல்லாத, என்ன சேர்ந்தது என்று எழுதாத பொட்டலத்தைச் சாப்பிட்டு மூன்றாம் நாள் வலி மாயமாகிவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு அரைத்துக் கலந்திருக்கலாம். இரண்டு மாதத்தில் முகம் நிலா மாதிரி வட்டமானால் சந்தேகமே வேண்டாம். முடக்கத்தான் தோசை சாப்பிடுங்கள், நானும் சுடுகிறேன், அது சாப்பாடு. மாத்திரைக்குப் பதில் அது இல்லை.

ஐந்தாம் படி: மூன்று மாதம், ஆறு மாதம் என்று கணக்குப் பாருங்கள்

"பரவாயில்லையா?" என்று டாக்டர் கேட்பார். "பரவாயில்லை சார்" என்று நாமும் சொல்லிவிட்டு வருவோம். அப்படிச் செய்யாதீர்கள். இந்த நோய்க்கு டாஸ்-28 என்று ஒரு மதிப்பெண் உண்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு, இரண்டு கையின் விரல் மூட்டுகள், முழங்கால் என்று 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணி, ரத்தப் பரிசோதனையையும் நீங்களே உங்கள் நிலைக்குத் தரும் மதிப்பெண்ணையும் சேர்த்துப் போடுவது. 5.1-க்கு மேல் என்றால் நோய் கொழுந்துவிட்டு எரிகிறது. 2.6-க்குக் கீழே வந்தால் அடங்கிவிட்டது. மூன்று மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிய வேண்டும், ஆறு மாதத்தில் இலக்கைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் மருந்தைக் கூட்டவோ மாற்றவோ வேண்டும். "என் ஸ்கோர் இப்போ எவ்வளவு டாக்டர்?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கவனித்தீர்களா, அந்த 28-ல் பாதம் இல்லை. கை நன்றாக இருந்து கால் விரல் மூட்டுகள் மட்டும் வீங்கியிருந்தால் கணக்கு நல்லபடியாகத்தான் வரும். செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.

யாருக்குக் கடுமையாகப் போகும் என்றும் டாக்டர்கள் முன்பே ஓரளவு கணிப்பார்கள். ஆன்டி சிசிபி மிக அதிகம், தொடக்கத்திலேயே நிறைய மூட்டில் வீக்கம், சி.ஆர்.பி. எகிறிக் கிடப்பது, முதல் எக்ஸ்ரேயிலேயே அரிப்பு, புகைப் பழக்கம். இதில் சில உங்களுக்கு இருந்தால் டாக்டர் வேகமாக மருந்தைக் கூட்டுவார். பயமுறுத்துகிறார் என்று நினைத்து டாக்டரை மாற்றாதீர்கள்.

சாதாரண மாத்திரைகள் போதவில்லை என்றால், எதிர்ப்பு சக்தியைக் குறிவைத்து அடக்கும் பயாலஜிக் ஊசிகளும், டோஃபாசிட்டினிப் மாதிரி ஜாக் வகை மாத்திரைகளும் உண்டு. தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். நம் நாட்டில் உடம்புக்குள் உறங்கும் காசநோய்க் கிருமி நிறையப் பேருக்கு உண்டு, இந்த மருந்துகள் அதைத் தட்டி எழுப்பிவிடும். இருப்பது தெரிந்தால் தடுப்பு மருந்து குறைந்தது ஒரு மாதம் சாப்பிட்ட பிறகே ஊசி. ஐம்பது வயது தாண்டியவர்கள், புகைப்பவர்கள், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் ஜாக் மாத்திரை பற்றி டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மூட்டோடு நிற்காது, அதையும் பாருங்கள்

இந்த நோய்க்காரர்களுக்கு இதய நோய் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மூட்டில் எரியும் அதே அழற்சி ரத்தக் குழாயையும் விட்டுவைப்பதில்லை. அதனால் பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் வருடம் ஒருமுறையாவது பாருங்கள். நுரையீரலில் தழும்பு விழலாம், படியேறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் வயதாகிவிட்டது என்று விடாதீர்கள். கண் உறுத்தல், வறட்சி சகஜம். கண் சிவந்து வலித்தால் அன்றே டாக்டர். எலும்பு மெலியும், ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் இன்னும். மனச்சோர்வும் இந்த நோயின் ஒரு பகுதிதான், அதையும் டாக்டரிடம் சொல்லலாம்.

ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை முடிந்தால் மருந்து தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் பயாலஜிக் போடும்போது கூடாது.

பிள்ளை பெற நினைப்பவர்களுக்கு

பெறலாம். ஆனால் திட்டமிட்டு. மெத்தோட்ரெக்ஸேட் கருவுக்கு ஆகாது, அதைச் சாப்பிடும் வரை கட்டாயம் கருத்தடை வேண்டும். கருத்தரிக்க முயல்வதற்குச் சில மாதம் முன்பே டாக்டரிடம் சொன்னால், கர்ப்பத்திலும் சாப்பிடக்கூடிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் மாதிரி மருந்துக்கு மாற்றுவார். பலருக்குக் கர்ப்பத்தில் நோய் தானாகவே தணியும், பிரசவத்துக்குப் பிறகு திரும்ப வரும். அந்த முதல் சில மாதத்துக்குக் குழந்தையைத் தூக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். இதை முன்கூட்டியே மாமியாரிடமோ அம்மாவிடமோ பேசிவிடுங்கள்.

வீட்டு வேலை, ஃபைல்

வீங்கியிருக்கும் மூட்டுக்கு ஓய்வு, வீக்கம் இறங்கிய மூட்டுக்குப் பயிற்சி. முழுக்கப் படுத்துவிட்டால் தசை கரைந்துவிடும். பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுங்கள். தேங்காய் துருவுவதையும் துணி பிழிவதையும் வீட்டில் வேறு யாருக்காவது நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். குழாயின் திருகுபிடியை நெம்பிக் குழாயாக மாற்ற பிளம்பருக்கு ஒரு மணி நேர வேலைதான்.

ஒரு ஃபைல் போடுங்கள். முதல் எக்ஸ்ரே, ஆன்டி சிசிபி ரிப்போர்ட், ஒவ்வொரு தடவையின் ஸ்கோர், எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கி ஏன் நிறுத்தினார்கள், எல்லாம் அதில். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் நான் இப்படி எழுதி ஒட்டியிருக்கிறேன்: "சரவாங்கி உள்ளவர். மெத்தோட்ரெக்ஸேட் சனிக்கிழமை மட்டும். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் சொல்லவும், கழுத்து எக்ஸ்ரே எடுக்கவும்." பல வருடம் நோய் இருந்தவர்களுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கலாம், மயக்கத்தில் தலையை அசைக்கும்போது தண்டுவடம் நசுங்கலாம். அவசரத்தில் இதையெல்லாம் நம்மால் சொல்ல முடியாது. அந்த ஃபைல் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.